ஜெர்மன் குடியுரிமை: ஆண்டுகளை எண்ணுவதற்கு முன் அனுமதி அட்டையைப் பாருங்கள்

ஜெர்மனியில் வாழும் வெளிநாட்டவர் இருவர் குடியுரிமையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்ற கேள்விதான் முதலில் எழும். அது தேவையான கேள்வியே; ஆனால் முதலில் கேட்க வேண்டியது அதுவன்று. 2024 ஜூன் 27 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, ஐந்து ஆண்டுகள் முறைப்படி வாழ்ந்தவர் குடியுரிமை கேட்கலாம். இருந்தும், ஐந்து ஆண்டுகளைக் கடந்த ஒருவருக்கு விண்ணப்பிக்கவே தகுதியில்லாமல் போவதும், அவரோடு ஒரே மாதத்தில் வந்திறங்கிய நண்பர் சான்றிதழை வாங்கிக்கொண்டு போவதும் நடக்கத்தான் செய்கின்றன. அவர்கள் கையில் இருக்கும் தங்கும் அனுமதியின் வகைதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். அந்த வகைகள் எப்படி உருவாயின என்பதை அறிந்தால், சட்டம் ஏன் ஒருவருக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு மற்றவரை வெளியில் நிறுத்துகிறது என்பதும் புரியும். ஆகவே முதலில் குடியேற்ற வரலாற்றைச் சற்றுப் பார்த்துவிட்டு நடைமுறைக்கு வருகிறேன்.

போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனியில் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் ஆள் போதவில்லை. 1955-இல் இத்தாலியுடனும், 1960-இல் ஸ்பெயின், கிரேக்கம் ஆகிய நாடுகளுடனும், 1961-இல் துருக்கியுடனும், 1968-இல் யூகோஸ்லாவியாவுடனும் ஆள்சேர்ப்பு ஒப்பந்தங்கள் போடப்பட்டன. 'விருந்தினர் தொழிலாளர்' என்ற பெயரே, இவர்கள் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்புவார்கள் என்ற எதிர்பார்ப்பைச் சொல்லிவிடும். 1973 வரை வந்த ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பேரில் 1 கோடியே 10 லட்சம் பேர் திரும்பியும் போனார்கள். எண்ணெய் நெருக்கடி தொடங்கியிருந்த 1973 நவம்பரில் அரசு ஆள்சேர்ப்பை நிறுத்தியது. இதன் விளைவு எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக அமைந்தது: ஊருக்குப் போனால் மறுபடி வர முடியாது என்று அறிந்தவர்கள் அங்கேயே தங்கி, மனைவி மக்களையும் வரவழைத்துக்கொண்டார்கள். குடியுரிமைச் சட்டமோ 1913-இல் இயற்றப்பட்டது. பெற்றோரின் குடியுரிமையையே அடிப்படையாகக் கொண்டது. அதனால் பெர்லினிலும் கொலோனிலும் பிறந்து வளர்ந்து, ஜெர்மன் மொழியைத் தவிர வேறொன்றைச் சரளமாகப் பேசத் தெரியாத பேரப்பிள்ளைகளும் வெளிநாட்டவராகவே எண்ணப்பட்டார்கள். 2000 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம்தான், குறிப்பிட்ட நிபந்தனைகளோடு, ஜெர்மன் மண்ணில் பிறந்த வெளிநாட்டவர் பிள்ளைகளுக்கு முதன்முறையாகப் பிறப்பாலேயே குடியுரிமை தந்தது. பெரியவர்களுக்கான காத்திருப்பை எட்டு ஆண்டுகளாகக் குறைத்ததும் அதே திருத்தம்தான்.

அடுத்து வந்தவர்கள் தஞ்சம் தேடியவர்கள். 1980-களில் இலங்கைத் தமிழர் பலர் கிழக்கு பெர்லினை ஒட்டிய ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நகர ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தார்கள் என்பதை அந்தத் தலைமுறையினர் இன்றும் சொல்லக் கேட்கலாம். யூகோஸ்லாவியப் போர் மூண்டதும் தஞ்ச விண்ணப்பங்கள் 1992-இல் 4 லட்சத்தைத் தாண்டின. மறு ஆண்டே அரசியல் சட்டம் திருத்தப்பட்டுத் தஞ்ச உரிமை சுருக்கப்பட்டது. 2015-இல் சிரியா, ஈராக், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து பெருந்திரளாக மக்கள் வந்தபோது, வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்து மிஞ்சிய எண்ணிக்கை 11 லட்சத்தைத் தாண்டியது. உக்ரைன் போர் தொடங்கிய 2022-இல் அதுவே சுமார் 14 லட்சத்து 60 ஆயிரத்தை எட்டியது; 2024-இல் ஏறத்தாழ 4 லட்சத்து 30 ஆயிரமாக இறங்கியது. இவற்றுக்கு இணையாக, 2012-இல் அறிமுகமான, உயர்தகுதி பெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான தங்கும் அனுமதியாகிய நீல அட்டையின் வழியே பொறியாளர்களும் கணினித் துறையினரும் வந்துகொண்டிருக்கிறார்கள். நீல அட்டை வைத்திருப்பவர்களில் இந்தியரே மிகப் பெரிய குழுவினர்.

இந்த அலைகளுக்கும் குடியுரிமை அலுவலகத்தின் வரிசைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒரு குடியேற்ற அலை கரைக்கு வந்து ஆறேழு ஆண்டுகள் கழித்துத்தான் குடியுரிமைப் புள்ளிவிவரத்தில் தெரியத் தொடங்கும். 2015-ஐ ஒட்டி வந்த சிரியர்கள் ஆண்டு நிபந்தனையை எட்டத் தொடங்கியதும், 2021-இல் சுமார் 1 லட்சத்து 31 ஆயிரமாக இருந்த குடியுரிமை வழங்கல் 2023-இல் 2 லட்சத்தையும், 2024-இல் 2 லட்சத்து 91 ஆயிரத்து 955-ஐயும் தொட்டது. 2024-இல் பெற்றவர்களில் 83,150 பேர், அதாவது நான்கில் ஒருவருக்கும் மேல், சிரியர்கள். அடுத்து துருக்கியர் 22,525 பேர். துருக்கியரின் எண்ணிக்கை திடீரென உயர்ந்ததற்குப் புதிய அலை எதுவும் காரணமில்லை. பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2024-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியதுதான் காரணம். நாற்பது ஆண்டுகளாகத் தயங்கி நின்றவர்கள் அப்போதுதான் விண்ணப்பித்தார்கள். நீங்கள் இன்று விண்ணப்பித்தால் இவர்கள் எல்லோருக்கும் பின்னால்தான் நிற்கப்போகிறீர்கள். பெருநகர அலுவலகங்களில் ஓராண்டுக்கு மேல் காத்திருப்பது வியப்புக்குரியதன்று.

கடிகாரம் எப்போது ஓடுகிறது?

ஐந்து ஆண்டுகள் என்பது விமானத்திலிருந்து இறங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. முறையான அனுமதியோடு, ஜெர்மனியையே வழக்கமான வாழிடமாகக் கொண்டிருந்த காலம்தான் கணக்கில் சேரும். படிப்புக்கான அனுமதியில் இருந்த ஆண்டுகள் பொதுவாகச் சேர்க்கப்படும். தஞ்ச வழக்கு நடந்த காலம், அந்த வழக்கு வென்று அகதித் தகுதியோ, அகதியாக ஏற்கப்படாவிட்டாலும் ஊர் திரும்பினால் கடும் தீங்கு நேரும் என்பவருக்குத் தரப்படும் துணைப் பாதுகாப்போ கிடைத்தால் மட்டுமே சேரும். நாடு கடத்துவதைத் தற்காலிகமாகத் தள்ளிவைக்கும் 'டுல்டுங்' என்ற தாளோடு கழித்த ஆண்டுகள் எத்தனையானாலும் சேரா. ஊருக்குப் போய்வந்த நாள்களைப் பற்றிப் பலர் தேவையில்லாமல் அஞ்சுகிறார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பயணம் கணக்கை முறிக்காது. பெற்றோரின் உடல்நலம் போன்ற காரணத்துக்காக அதற்கு மேலும் தங்க நேரும் என்று தெரிந்தால், புறப்படுவதற்கு முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்திடம் எழுத்தில் அனுமதி பெற்றுவிடுங்கள். திரும்பி வந்தபின் விளக்கம் சொல்வது கடினம்.

மூன்றே ஆண்டில் குடியுரிமை கிடைக்கும் என்று இன்னும் சிலர் சொல்லக் கேட்கிறேன். சிறப்பான ஒருங்கிணைவை மெய்ப்பித்தவர்களுக்கு 2024-இல் தரப்பட்ட அந்தக் குறுக்குவழியை 2025 அக்டோபரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. அந்த மாத இறுதியில் நீக்கம் நடைமுறைக்கு வந்தபோது, ஏற்கெனவே விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களுக்கும் சலுகை எதுவும் வைக்கப்படவில்லை. விண்ணப்பித்த நாளின் சட்டத்தை நம்பித் திட்டமிடக்கூடாது, முடிவெடுக்கும் நாளின் சட்டமே பேசும் என்பதை அதனால் பலர் கசப்போடு கற்றார்கள்.

அட்டையின் பின்னால் இருக்கும் பிரிவு எண்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். காலக்கணக்கு வேறு, விண்ணப்பிக்கும் நாளில் கையில் இருக்க வேண்டிய அனுமதி வேறு. நிரந்தரத் தங்கும் உரிமை, ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனுக்கான நடமாட்ட உரிமை, நீல அட்டை, தகுதி பெற்ற பணியாளருக்கான அனுமதி, குடும்ப இணைவு அனுமதி, ஏற்கப்பட்ட அகதிக்கான அனுமதி ஆகியவை போதும். படிப்பு, தொழிற்பயிற்சி, வேலை தேடல் ஆகியவற்றுக்கான அனுமதிகளும், நிறுவனத்துக்குள்ளேயே கிளை மாற்றி அனுப்பப்பட்டவர்களுக்கான ஐசிடி அட்டையும் போதா. உக்ரைனியர்கள் வைத்திருக்கும், வெளிநாட்டவர் தங்கும் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு தரும் தற்காலிகப் பாதுகாப்பும் போதாது. 2022-இல் வந்த பேரலை 2027-இல் அப்படியே குடியுரிமை வரிசையில் வந்து நிற்காது என்பதற்கும் இதுவே காரணம். வேலை அனுமதிக்கோ குடும்ப அனுமதிக்கோ மாறியவர்கள்தான் வர முடியும்.

ஒருவர் 2019-இல் முதுகலை படிக்க ஆகன் நகருக்கு வந்தார், படிப்பு நீண்டது, பிறகு முனைவர் பட்டத்துக்கும் மாணவர் அனுமதியிலேயே தொடர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகள் எப்போதோ கடந்திருக்கும், ஆனால் அவரால் விண்ணப்பிக்க முடியாது. அதே மனிதர் வேலைக்குச் சேர்ந்து நீல அட்டைக்கு மாறிய மறுநாளே, கடந்துபோன மாணவர் ஆண்டுகளையும் சேர்த்துக் காட்டித் தகுதி பெறலாம். அட்டையில் எந்தப் பிரிவு எண் அச்சிடப்பட்டிருக்கிறது என்பதை இன்றே பார்த்துவிடுங்கள். அது விலக்கப்பட்ட பட்டியலில் இருந்தால், முதலில் செய்ய வேண்டிய வேலை அனுமதியை மாற்றுவதுதான். நீல அட்டைக்காரர்கள் எளிய ஜெர்மன் தெரிந்தால் 27 மாதங்களிலும், அன்றாட உரையாடலைத் தாமே நடத்தும் அளவான பி1 நிலை இருந்தால் 21 மாதங்களிலும் நிரந்தரத் தங்கும் அனுமதி பெறலாம். குடியுரிமைக்கு அது கட்டாயம் அன்று. ஆயினும், வேலை போய்விட்டால் விண்ணப்பம் நடுவழியில் ஆட்டம் காணாமல் காப்பது அதுதான் என்பதால், கிடைக்கும்போது வாங்கிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

வருமானம், மொழி, தேர்வு

வாழ்க்கைச் செலவை உங்கள் உழைப்பிலேயே நடத்த வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. வேலையற்றோருக்கான அரசு அலுவலகமாகிய ஜாப்சென்டர் தரும் அடிப்படை உதவித்தொகையும் சமூக உதவித்தொகையும் பெறுவது தடையாகும். குழந்தைப் பணம், பெற்றோர் பணம், வீட்டு வாடகை உதவி, காப்பீட்டிலிருந்து வரும் வேலையின்மைத் தொகை ஆகியவை தடையல்ல. இவற்றையும் உதவித்தொகை என்றே நினைத்துப் பலர் விண்ணப்பிக்காமல் இருந்துவிடுகிறார்கள். கடந்த 24 மாதங்களில் 20 மாதங்களாவது முழுநேர வேலை பார்த்தும் சம்பளம் போதாமல் உதவி பெற நேர்ந்தவருக்கும், 1974 ஜூன் 30 வரை வந்த விருந்தினர் தொழிலாளருக்கும் விலக்கு உண்டு. சம்பளச் சீட்டுகள், வேலை நீடிக்கிறது என்று நிறுவனம் தரும் கடிதம், ஓய்வூதியக் காப்பீட்டில் இதுவரை பணம் கட்டிய விவரம் ஆகியவற்றை அலுவலகம் கேட்கும். புதிய வேலையின் சோதனைக் காலத்தில் இருக்கிறீர்கள் என்றால், அது முடியும்வரை முடிவைத் தள்ளிப்போடும் அலுவலர்களும் இருக்கிறார்கள். ஆகவே வேலை மாறும் எண்ணமும் விண்ணப்பிக்கும் எண்ணமும் ஒரே நேரத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொழிக்குப் பி1 நிலைச் சான்றிதழ் போதும். குடியுரிமைத் தேர்வு, மக்கள் பேசும் அளவுக்குக் கடினமானதன்று. நாடு முழுவதற்கும் பொதுவான 300 கேள்விகளும் உங்கள் மாநிலத்துக்கான 10 கேள்விகளும் முன்கூட்டியே வெளியிடப்பட்டுள்ளன. அவற்றிலிருந்து 33 கேள்விகள் வரும். 60 நிமிடத்தில் 17-க்குச் சரியாக விடை சொன்னால் தேர்ச்சி. கட்டணம் 25 யூரோ. ஜெர்மன் பள்ளி இறுதிச் சான்றிதழ் உள்ளவர் இதை எழுத வேண்டியதில்லை. தேர்வைவிடத் தேர்வுக்கு இடம் கிடைப்பதும் அதன் முடிவு அஞ்சலில் வந்து சேர்வதும்தான் நாள் பிடிக்கும் வேலைகள், எனவே ஐந்தாம் ஆண்டு நிறைவதற்கு முன்பே இரண்டையும் முடித்து வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழை விலைக்கு வாங்கித் தருவதாகச் சமூக வலைத்தளங்களில் கூவுபவர்களின் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். ஏமாற்றிப் பெற்ற குடியுரிமையைப் பத்து ஆண்டுகள் வரை திரும்பப் பெற அரசுக்கு அதிகாரம் உண்டு.

குற்றப் பதிவைப் பொறுத்தவரை, 90 நாள் கணக்கு வரையிலான (அபராதம் ஒரு நாள் வருமானத்தை அலகாகக் கொண்டு கணக்கிடப்படுகிறது) அபராதத் தண்டனை பொதுவாகக் கண்டுகொள்ளப்படாது. யூத வெறுப்பு, இனவெறி போன்ற நோக்கத்தால் நிகழ்ந்த குற்றங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. சுதந்திரமான மக்களாட்சி ஒழுங்கை ஏற்பதாகவும், நாஜி ஆட்சியின் கொடுமைகளுக்கு ஜெர்மனி ஏற்றிருக்கும் சிறப்பு வரலாற்றுப் பொறுப்பையும் யூத மக்களின் வாழ்வைக் காக்கும் கடமையையும் ஒப்புக்கொள்வதாகவும் கையெழுத்திட வேண்டும். என்ன என்று தெரியாமல் கையெழுத்திடாதீர்கள். நேரில் அழைத்து அதன் பொருளைக் கேட்கும் அலுவலர்களும் உண்டு.

பிறப்புச் சான்றிதழும் தலைப்பெழுத்தும்

இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு விண்ணப்பத்தில் மிக நீண்ட இழுபறி ஆவணங்களில்தான் வரும். ஆவணம் வெளிநாட்டிலும் செல்லும் என்று சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரை வாங்கிவிட்டால் போதும் என்று ஊரில் சொல்வார்கள். அந்த முத்திரைக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி அதற்கு மறுப்புத் தெரிவித்தது, ஆகவே இரு நாடுகளுக்கிடையே அந்த முத்திரை செல்லாது. ஐயம் எழுந்தால் ஜெர்மன் அலுவலகமே தூதரகத்தின் வழியாகச் சான்றிதழைச் சரிபார்க்கச் சொல்லும். தூதரகம் ஊரில் ஒரு வழக்கறிஞரை அனுப்பிப் பதிவேட்டைப் பார்த்துவரச் செய்யும். செலவு உங்களுடையது, மாதங்களும் உங்களுடையவை. பிறந்து பல ஆண்டுகள் கழித்துப் பதிவு செய்யப்பட்ட சான்றிதழானால் இந்த ஐயம் எழ வாய்ப்பு அதிகம். சான்றிதழில் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருந்தால், அதை ஊரிலேயே திருத்திவிட்டு விண்ணப்பிப்பதே உத்தமம்.

பெயர் என்றதும் நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் நினைவுக்கு வருகிறது. தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக மட்டும் வைத்திருக்கும் நமக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது; ஜெர்மன் படிவத்திலோ அந்தக் கட்டம் காலியாக இருக்கக்கூடாது. குடியுரிமை கிடைத்தபின், இருக்கும் பெயர்களில் எது முதற்பெயர், எது குடும்பப் பெயர் என்று முறையாகத் தேர்ந்தெடுத்து அறிவிக்கும் உரிமையை ஜெர்மன் சட்டம் தருகிறது. பதிவு அலுவலகத்தில் அதைச் செய்யலாம். முதல் ஜெர்மன் பாஸ்போர்ட்டை எடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிட்டால், மாமனார் பெயர் மனைவிக்கு முதற்பெயராகவும் கணவர் பெயர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகவும் குழம்பிக் கிடக்கும் வீடுகளில் ஒழுங்கு வரும்.

விண்ணப்பித்தபின்

கட்டணம் பெரியவருக்கு 255 யூரோ; சொந்த வருமானம் இல்லாமல் பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு 51 யூரோ. எங்கே விண்ணப்பிப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். பெர்லினில் 2024 ஜனவரி முதல் மாவட்ட அலுவலகங்களின் பொறுப்பு ஒரே குடிவரவு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டு, விண்ணப்பங்கள் இணையத்தில் பெறப்படுகின்றன. மற்ற இடங்களில் நகராட்சியையோ மாவட்ட நிர்வாகத்தையோ அணுக வேண்டும். காத்திருக்கும் மாதங்களில் தங்கும் அனுமதி காலாவதியாகிவிடக் கூடாது. வேலை, முகவரி, திருமண நிலை, பிள்ளைப் பிறப்பு என எது மாறினாலும் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். வேறு நகருக்குக் குடிபெயர்ந்தால் கோப்பும் அங்கே போகும், ஆனால் வரிசையில் உங்கள் இடம் கூடவே போகும் என்று நம்பாதீர்கள்.

முழுமையான விண்ணப்பம் தந்து மூன்று மாதங்களுக்கு மேலாகியும் தக்க காரணமின்றி முடிவு வரவில்லையானால், நிர்வாக நீதிமன்றத்தில் செயலின்மை வழக்குத் தொடுக்கலாம். பலர் இதை முதல் ஆயுதமாக எடுக்கிறார்கள். ஆவணங்கள் ஒன்றுகூடக் குறையாமல் இருக்கின்றன என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே அது பயன் தரும்; குறையிருந்தால் செலவு உங்கள் தலையில் விழும். முதலில் ஒரு கெடு குறித்துக் கடிதம் எழுதிப் பாருங்கள்.

ஜெர்மன் குடிமகனையோ குடிமகளையோ மணந்தவர் மூன்று ஆண்டுகள் வாழ்ந்திருந்து, திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தால் விண்ணப்பிக்கலாம். நீங்கள் விண்ணப்பிக்கும்போது துணைவரையும் சிறு பிள்ளைகளையும், அவர்கள் ஐந்து ஆண்டுகளை நிறைக்காமலிருந்தாலும், சேர்த்துக்கொள்ள அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. ஜெர்மனியில் பிறக்கும் குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் ஐந்து ஆண்டுகள் முறைப்படி வாழ்ந்து நிரந்தரத் தங்கும் உரிமையும் பெற்றிருந்தால், பிறப்பாலேயே ஜெர்மன் குடியுரிமை வந்துவிடும். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பு நிரந்தர அனுமதி வந்ததா, ஒரு மாதம் பின்பு வந்ததா என்பதில் குழந்தையின் குடியுரிமையே மாறிவிடும் என்பதால், அந்த விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

சான்றிதழ் கைக்கு வரும் நாள்

அரசியல் சட்டத்தையும் நாட்டின் சட்டங்களையும் மதித்து நடப்பேன் என்று வாயால் உறுதி கூறி, சான்றிதழைக் கையில் வாங்கும் அந்த நொடியில்தான் குடியுரிமை பிறக்கிறது. ஒப்புதல் கடிதம் வந்த நாளில் அன்று. ஜெர்மனி இப்போது பழைய குடியுரிமையைத் துறக்கச் சொல்வதில்லை. ஆனால் உங்கள் நாடு என்ன சொல்கிறது என்பது வேறு கேள்வி. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. விரும்பிப் பிற நாட்டுக் குடியுரிமை பெற்றவுடன் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும், அதன்பின் இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். ஆகவே ஜெர்மன் பாஸ்போர்ட் வந்ததும் பழையதை இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்து, ஒப்படைப்புச் சான்றிதழ் பெற்று, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த அட்டையில் வாக்குரிமை இல்லை, புதிதாக விளைநிலம் வாங்கவும் முடியாது. இலங்கைச் சட்டம் சற்று நெகிழ்வானது: பிற நாட்டுக் குடியுரிமை பெற்றால் இலங்கைக் குடியுரிமை போகும் என்றாலும், அதைத் தக்கவைக்கவோ மீளப் பெறவோ தனியே விண்ணப்பிக்கலாம். அடுத்த சில மாதங்களில் ஊரில் திருமணமோ காதுகுத்தோ இருந்தால், சான்றிதழ் வாங்கும் நாளுக்கும் விமானச் சீட்டுக்கும் இடையே புதிய பாஸ்போர்ட், ஒப்படைப்பு, நுழைவிசைவு மூன்றுக்கும் போதிய வாரங்கள் இருக்கின்றனவா என்று பார்த்தபின் சீட்டை எடுங்கள்.